சாட்சியில் சொல்லாத மாத்திரை

பலிபீடத்துக்கு முன்னால் நின்று நான் சொன்னதில் ஒரு வாக்கியம்கூடப் பொய் இல்லை. முப்பத்தொரு வருடம் சிகரெட் பிடித்தேன் என்றேன், உண்மை. விட்டு நூறு நாள் ஆகிறது என்றேன், அதுவும் உண்மை. கர்த்தர் துணை இருந்தார் என்றேன். அதை இன்றைக்கு யார் கேட்டாலும் சொல்வேன். இத்தனை உண்மைகளை வரிசையாகச் சொல்லியே ஒரு மனுஷரை ஆஸ்பத்திரிக் கட்டில்வரை கொண்டுபோய்ச் சேர்க்க முடியும் என்பதுதான் எனக்குத் தெரியாமல் போயிற்று. ஆகவே இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். அந்தக் கோபத்தில் என் பங்கைக் குறைத்துக்கொள்ள மாட்டேன். மற்றவர்களுக்கும் தாராளமாகப் பங்கு இருக்கிறது.

எங்கள் குடும்பம் வெள்ளைக்காரன் காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து செகந்திராபாத்துக்கு வந்தது. பட்டாளத்து ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர் வேலைக்கு வந்தவரின் நான்காம் தலைமுறை நான். வீட்டுக்குள் இன்னும் நெல்லைத் தமிழ்தான். ஆனால் கோபம் வந்தால் என் வாயில் முதலில் வருவது, இந்த ஊர் உருதுவில் வேண்டாம் என்கிற 'நக்கோ'. என் பெண்ணிடம் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் வரும். இவ்வளவு கலப்பிலும் கலையாமல் இருப்பது ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் ஆராதனை ஒன்றுதான். எங்கள் சபை சின்னது. யாருக்குச் சர்க்கரை, யார் வீட்டுப் பெண்ணுக்கு எங்கே பேசுகிறார்கள், யார் கூட்டம் முடிந்ததும் ஹாலுக்குப் பின்னால் போய் ஊதுகிறார்கள், எல்லாம் எல்லோருக்கும் தெரியும். ஹாலுக்குப் பின்னால் ஊதியவர்களில் நான் மூத்த உறுப்பினன்.

வேலை பேகம்பேட்டில், ஒரு சரக்குப் போக்குவரத்து அலுவலகத்தில். ஒரு நாளைக்குப் பதினைந்து சிகரெட். அதில் குறைந்தது எட்டு அவசரப் படிக்கட்டில் நின்று பிடித்தவையாக இருக்கும். விட முயலாமல் இல்லை. ஆறு தடவை விட்டேன். புத்தாண்டு ஆராதனையில் முடிவெடுத்து, பொங்கல் வருவதற்குள் மறுபடி ஆரம்பித்ததே மூன்று தடவை இருக்கும். ஒவ்வொரு தடவையும் யாராவது ஒருவர் தோளில் தட்டி, "வில் பவர் இருந்தா போதும் சார்" என்பார். பெரும்பாலும் வாழ்நாளில் ஒரு பீடியைக்கூடத் தொட்டிராதவராக இருப்பார். பசி எடுக்காதவன் விரதத்தைப் பற்றிப் பேசுவது மாதிரி அது. நான் முப்பது வருடம் ஒரே அலுவலகத்தில் ஆறு மேனேஜர்களைச் சகித்தவன். இரண்டு வருடம் படுக்கையில் கிடந்த தகப்பனாரை என் கையால் கழுவி விட்டவன். எனக்கு மனவுறுதி இல்லையாம்.

கடைசியில் விட வைத்தது ஒரு சாதாரணச் சளி. மூன்று வாரமாகியும் போகாத இருமலுக்குப் போன இடத்தில் டாக்டர், மற்ற டாக்டர்களைப் போலத் திட்டாமல், ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்து அரசு ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். அங்கே புகையிலை விடுவதற்கென்று தனி அறை உண்டு. சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கூட்டம். போய்ப் பார்த்தால் அந்த அறை மனநலப் பிரிவுக்குள் இருந்தது. வாசலில் அதற்கான போர்டு தெலுங்கிலும் இங்கிலீஷிலும் பெரிய எழுத்தில் இருந்தது. இந்தப் போர்டு ஞாபகத்தில் இருக்கட்டும், என் வீட்டில் நடந்த எல்லாக் கூத்துக்கும் அதுதான் காரணம்.

மாத்திரை பன்னிரண்டு வாரத்துக்கு. அதன் முறையே விசித்திரமானது. முதல் வாரம் சிகரெட்டையும் பிடித்துக்கொள்ளலாம், மாத்திரையையும் சாப்பிட வேண்டும். எட்டாம் நாள் சிகரெட்டை நிறுத்த வேண்டும். ஐந்தாம் நாளே எனக்கு வித்தியாசம் தெரிந்துவிட்டது. படிக்கட்டில் நின்று பற்றவைத்து இழுக்கிறேன், உள்ளே ஒன்றுமே நடக்கவில்லை. நனைந்த அட்டையைச் சப்புகிற மாதிரி இருந்தது. முப்பத்தொரு வருடத்தில் முதல் தடவையாகப் பாதியில் அணைத்தேன். காலையில் குமட்டல் இருந்தது. தூக்கத்தில் கனவுகள் வேறு. ஒரு கனவில் என் பழைய கணக்கு வாத்தியார் சபைக் கூரைமேல் உட்கார்ந்து பிரியாணி கிண்டிக்கொண்டிருந்தார், அதில் கறி போதவில்லை என்று என்னைத் திட்டினார். எழுந்து மனைவியிடம் சொன்னால் அவள் சிரிக்கவில்லை. மனநலப் பிரிவு மாத்திரை என்றால் இப்படித்தான் ஆகும் என்று அவள் முகம் சொன்னது.

மாத்திரை ஆசையை அறுத்ததே தவிர, பழக்கத்தை அறுக்கவில்லை. அதற்குத்தான் கூட்டம். சனிக்கிழமை ஆறு பேர் வட்டமாக உட்காருவோம். ஒரு தெலுங்கு டீச்சரம்மா, ஒரு லாரி மெக்கானிக், இன்னும் இருவர், நான். ஆறாவது ஆள் போலாரத்தில் வீடு கட்டிக்கொண்டு தங்கிவிட்ட ரிட்டயர்டு சுபேதார். வேலூர்ப் பக்கத்துக்காரர், எங்கள் கூட்டத்தில் என்னைத் தவிரத் தமிழ் பேசுபவர் அவர்தான். கூட்டத்துக்கு இரண்டே விதி. யாரும் யாருக்கும் பிரசங்கம் செய்யக் கூடாது. யாராவது மிஸ்டு கால் கொடுத்தால் உடனே கூப்பிட்டு, ஆசை அடங்கும்வரை பேச வேண்டும்.

நிறுத்திய இரண்டாவது வாரம் அலுவலகத்தில் மேனேஜர் எல்லோர் முன்னாலும் என்னை வாங்கு வாங்கு என்று வாங்கினான். வெளியே வந்தேன், கால் தானாகக் கடைக்குப் போயிற்று. கடைக்காரன் என் முகத்தைப் பார்த்ததுமே, நான் வாயைத் திறக்கும் முன், என் பிராண்டை எடுத்து நீட்டினான். அவனுடைய அந்த உபசாரத்தை என்னவென்று சொல்வது! பின்னால் நகர்ந்து சுபேதாருக்கு மிஸ்டு கால் கொடுத்தேன். அரை நிமிஷத்தில் போன் வந்தது.

"இன்னாபா, எங்க நிக்கிற?"

"கடை முன்னாடிதான்."

"அபவுட் டர்ன் அடி. அட்ச்சிட்டியா? இப்ப ரோட்டப் பாரு. எத்தினி ஸ்கூட்டர் போவுதுன்னு எண்ணிச் சொல்லு. பைக் வோணாம், ஸ்கூட்டர் மட்டும்."

நடுரோட்டில் ஐம்பத்து நாலு வயது ஆள் போனில் ஸ்கூட்டர் எண்ணிக்கொண்டிருந்தேன். பேகம்பேட்டில் ஸ்கூட்டருக்குப் பஞ்சமில்லை. நாற்பத்தேழாவது ஸ்கூட்டரில் ஆசை இறங்கிவிட்டது. "டிஸ்மிஸ்" என்று சொல்லிவிட்டு அவர் போனை வைத்தார். வீட்டுக்கு வந்து ஜெபம் செய்யும்போது மாத்திரைக்காகவும் சுபேதாருக்காகவும் கர்த்தருக்கு நன்றி சொன்னேன். எனக்கு அதில் எந்த முரண்பாடும் தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை.

இப்படித்தான் விட்டேன். மாத்திரை ஒரு பங்கு, நான் ஒரு பங்கு, அந்த ஐந்து பேர் ஒரு பங்கு. எல்லாவற்றுக்கும் மேலே இருப்பவர் எல்லாவற்றிலும். நூறு நாள் நெருங்கியபோது மனைவி, சபையின் பெண்கள் ஐக்கியத்தில் விஷயத்தைச் சொல்லிவிட்டாள். அடுத்த வியாழக்கிழமை சாயங்காலமே பாஸ்டரும் சபைச் செயலரும் வீட்டுக்கு வந்தார்கள். பாஸ்டர் இளவயசு, மென்மையானவர். செயலர் ரயில்வேயில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர், சபையையும் ஒரு ஸ்டேஷன் மாதிரியே நடத்துகிறவர். ஞாயிற்றுக்கிழமை நான் சாட்சி சொல்ல வேண்டும் என்றார்கள்.

எங்கள் சபைகளில் சாட்சி என்பது சும்மா பேச்சல்ல. கர்த்தர் தனக்குச் செய்ததை ஒருவர் எழுந்து நின்று சொல்வது. கேட்கிறவர்கள் அதைத் தங்களுக்கும் என்று எடுத்துக்கொள்வது. அதைக் கேட்டுத் தாலிக்கொடியை அடகு வைக்கும் முடிவைக்கூட மாற்றிக்கொண்டவர்கள் உண்டு. எனக்கு மறுக்கத் தோன்றவில்லை. சந்தோஷமாகவே எழுதி வைத்ததைப் படித்துக் காட்டினேன். டாக்டர் சீட்டு, மாத்திரை, சனிக்கிழமைக் கூட்டம், சுபேதார், ஸ்கூட்டர் எல்லாம் அதில் இருந்தன.

செயலர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நல்லாத்தான் எழுதியிருக்கிய தம்பி. ஆனா டைம் அஞ்சு நிமிஷந்தான். இந்த மாத்திரை சமாச்சாரம் வேண்டாமே. அதச் சொன்னா சாட்சி தண்ணியாப் போயிரும். அப்புறம் கர்த்தர் என்ன செஞ்சாரு, மெடிக்கல் ஷாப்லா செஞ்சிருக்குன்னு சொல்லிருவான்."

"டாக்டரையும் அவர்தானய்யா கொடுத்தாரு" என்றேன்.

"அது ஒமக்குப் புரியும், எனக்குப் புரியும். சபையில சின்னப் பிள்ளைய இருக்கு, புதுசா வாரவங்க இருக்காங்க. சுருக்கமாச் சொல்லுங்க."

பாஸ்டரைப் பார்த்தேன். அவர் டீ டம்ளரைப் பார்த்தார். "மகிமை அவருக்கே போகணும்ங்கறதுதான் அண்ணே" என்றார் மெதுவாக.

அதற்குமேலும் நான் மல்லுக்கட்டியிருப்பேன். ஆனால் அவர்கள் போனதும் மனைவி கதவைச் சாத்திவிட்டு வந்தாள். "அந்த ஆஸ்பத்திரிப் பேர நீங்க எடுக்கவே கூடாது. மெண்டல் டிபார்ட்மென்ட்ல மாத்திரை வாங்கித் தின்னாருன்னு ஒரு ஆளுக்குத் தெரிஞ்சா போதும், நம்ம புள்ளைய எவன் கேட்டு வருவான்? பெங்களூர்க்காரங்க இப்பத்தான் போட்டோ கேட்டிருக்காங்க."

"சிகரெட் பிடிச்சது ஊருக்கே தெரியும். அதுக்கு வராத மானக்கேடு மாத்திரைக்கு வருதாக்கும்?"

"ஆம்பள சிகரெட் பிடிச்சா யாரு கேப்பா? மாத்திரைன்னா கேப்பாங்க."

அவள் சொன்னது எங்கள் ஊர் நிலவரத்தைப் பொறுத்தவரை முழுக்கச் சரி. அதுதான் எரிச்சல். முப்பத்தொரு வருடம் நுரையீரலைப் பொசுக்கிக்கொண்டதற்கு யாரும் முகம் சுளிக்கவில்லை. அதை நிறுத்த மருந்து சாப்பிட்டது மட்டும் குடும்பத்துக்கு இழுக்கு. பெண்ணிடம் கேட்டேன். "டோன்ட் கேர் டாடி, உண்மையைச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு அவள் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். அந்த ஒரு பேச்சையாவது நான் கேட்டிருக்கலாம். பேனாவை எடுத்து மாத்திரையை அடித்தேன். மாத்திரை போனதும் ஆஸ்பத்திரி போயிற்று, ஆஸ்பத்திரி போனதும் கூட்டம் போயிற்று, கூட்டம் போனதும் சுபேதாருக்கு இடமில்லாமல் போயிற்று. மீதி இருந்தது நானும் கர்த்தரும் மட்டும்.

ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்று சொன்னேன். நன்றாகவே சொன்னேன் என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஒரு திங்கட்கிழமை காலையில் விட்டேன், அதற்குப் பிறகு அதைத் தொடவில்லை என்றேன். அல்லேலூயா என்று நாலு பக்கமிருந்தும் சத்தம் எழுந்தது. பாடகர் குழுவில் கடைசி வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவரை நாங்கள் அண்ணாச்சி என்போம். ஏ.எஸ்.ராவ் நகரில் வீடு, அங்கேயே பொதுத்துறைத் தொழிற்சாலையில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அடிக்குரலில் பாடுவார், அவர் வராத ஞாயிற்றுக்கிழமை பாட்டுக்குத் தரை இல்லாத மாதிரி இருக்கும். ஹாலுக்குப் பின்னால் இருபது வருடம் என்னோடு நின்று ஊதிய கூட்டாளி. இரண்டு வருடத்துக்கு முன் அவர் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். அதற்குப் பிறகும் அவரால் விட முடியவில்லை.

ஆராதனை முடிந்து வாசற்படியில் அவர் என் கையைப் பிடித்தார். "ஒரே நாள்லயா தம்பி?"

"ஆமாண்ணாச்சி" என்றேன்.

பின்னால் ஆட்கள் நின்றார்கள். மனைவி பக்கத்தில் நின்றாள். பீடத்தின் முன்னால் நான் பொய் சொல்லவில்லை என்று முதலில் பெருமையடித்தேன் அல்லவா, வாசற்படியில் சொன்னது இது.

அடுத்த சனிக்கிழமை கூட்டத்தில் சாட்சி சொன்ன கதையை நானே சொன்னேன், சிரிப்பாக ஒரு விஷயத்தைச் சொல்வதுபோல. டீச்சரம்மா சிரித்தார். சுபேதார் சிரிக்கவில்லை.

"எம் பேர சொல்லலன்னு எனக்கு ஒண்ணும் இல்லபா. சாமிக்குக் குடு, மொத்தமும் குடு. மாத்திரைய இன்னாத்துக்கு மறச்ச?"

"கமிட்டில வேண்டாம்னாங்க சுபேதார் சாப்."

"கமிட்டியா சிகரெட்ட உட்டுச்சி? மைன் வச்ச ரோட்ல ஒருத்தன் தாண்டிப் பூட்டான்னு வையி. எந்தப் பக்கமாத் தாண்டனேன்னு பின்னால வர்றவனுக்குச் சொல்லணும். சொல்லாம கையக் காட்டி வா வான்னா இன்னா அர்த்தம்?"

கூட்டத்தில் பிரசங்கம் கூடாது என்ற விதியை அவர் அன்றைக்கு மீறினார். நான் அதைச் சுட்டிக்காட்டினேன். எவ்வளவு சின்னத்தனம் பாருங்கள். குற்றம் சொன்னவர்மேல் குற்றம் கண்டுபிடித்துவிட்டு நிம்மதியாகப் பேருந்து ஏறினேன்.

அண்ணாச்சி இரண்டு ஞாயிற்றுக்கிழமை வந்தார். பிறகு வரவில்லை. தொண்டை சரியில்லை என்று பாடகர் குழுவில் சொன்னார்கள். நான் போன் செய்தேன், எடுக்கவில்லை. அப்போது எனக்கு எதுவும் உறைக்கவில்லை. சாட்சிக்குப் பிறகு எனக்குச் சபையில் ஒரு மதிப்பு வந்திருந்தது. தங்கள் மகனிடம் பேசச் சொல்லி இரண்டு தாய்மார் என்னிடம் வந்தார்கள். வாலிபர் கூட்டத்தில் பேசக் கூப்பிட்டார்கள். அந்தக் குஷியில் இருந்தேன்.

சாட்சி சொல்லி ஒன்றரை மாதம் கழித்து, ஆராதனையின் ஜெப விண்ணப்ப நேரத்தில் பாஸ்டர் அண்ணாச்சியின் பேரை வாசித்தார். நெஞ்சு வலி, தீவிர சிகிச்சைப் பிரிவு. மறுநாள் அலுவலகத்துக்கு லீவு போட்டுவிட்டு ஓடினேன். வார்டுக்கு மாற்றியிருந்தார்கள். அந்தப் பெரிய உடம்பு கட்டிலில் பாதியாகக் கிடந்தது. சுற்றிலும் சொந்தக்காரர்கள். என்னைப் பார்த்ததும் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளப் பார்த்தார், பிறகு சிரித்தார்.

"ஒமக்கு விசுவாசம் உண்டு தம்பி. ஒரே நாள்ல தூக்கிட்டாரு. எனக்குத்தான் அது காணாது, பத்தாது."

என்ன சொல்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. அப்படியெல்லாம் சொல்லாதீர்கள், ரெஸ்ட் எடுங்கள் என்று எல்லோரும் சொல்வதைச் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். வராந்தாவில் அவருடைய பெண் இருந்தாள். இங்கேயே பிறந்து படித்தவள், தமிழ் புரியும், பேச்சு பாதி இங்கிலீஷில்தான் வரும். சண்டை போடுகிற மாதிரி என் முன்னால் வந்து நின்றாள்.

"அங்கிள், நீங்க டெஸ்டிமனி சொன்ன அன்னைக்கு டாடி டேப்லட்ல இருந்தாங்க, தெரியுமா? செவன்த் டே. நான்தான் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயி வாங்கிக் கொடுத்தேன். மூணு சிகரெட்டுக்கு வந்துட்டாங்க."

"என்ன டேப்லட்?" என்று கேட்டேன். எனக்குத் தெரிந்தது. இருந்தும் கேட்டேன்.

அவள் பேரைச் சொன்னாள். நான் பன்னிரண்டு வாரம் சாப்பிட்ட அதே மாத்திரை.

"சர்ச்லருந்து வந்ததும் ஃபுல் ஸ்ட்ரிப்பையும் டஸ்ட்பின்ல போட்டாங்க. மருந்து சாப்பிட்டா கர்த்தர நம்பலன்னு அர்த்தமாம். அங்கிள் மாதிரி நானும் ஒரே நாள்ல விடுவேன்னாங்க. மூணு நாள் விட்டாங்க. நாலாவது நாள் பழையபடி. அப்புறம் டபுள். சர்ச்சுக்கு வர ஷேம் ஆயிடுச்சு அவங்களுக்கு. ஹவ் குட் யூ டூ இட் ஜஸ்ட் லைக் தட், அங்கிள்? எப்படி விட்டீங்க? எனக்கு மட்டும் சொல்லுங்க."

சொன்னேன். அந்தப் பெண் என்னைத் திட்டியிருந்தால் எனக்கு நல்லது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு சுவர் ஓரமாகப் போய் நின்றாள். உள்ளே போய் அவரிடமே சொல்லிவிடலாம் என்று திரும்பினேன். பார்வையாளர் நேரம் முடிந்தது என்று காவலாளி மறித்தார். சண்டை போட்டு உள்ளே போயிருக்கலாம். போகவில்லை.

சிகரெட்டால்தான் மறுபடி வலி வந்தது என்று டாக்டர் அடித்துச் சொல்லவில்லை என்றார்கள். எனக்கு எந்த டாக்டரும் சொல்லத் தேவையில்லை. ஒரு மனுஷர் கரைக்கு வந்துகொண்டிருந்தார். நான் அங்கே நின்று, நடந்தே வந்தேன் என்று அவரிடம் சொன்னேன், என் படகை மறைத்துவிட்டு.

அன்று சாயங்காலமே செயலர் வீட்டுக்குப் போனேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை எனக்கு இரண்டு நிமிடம் வேண்டும் என்றேன். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவர் உச்சுக்கொட்டினார். அண்ணாச்சிக்காக விசேஷ ஜெபம் வைக்கலாம் என்றார். சாட்சியைத் திருத்துவது வழக்கத்தில் இல்லை என்றார்.

"சொன்ன சாட்சிய மாத்திச் சொன்னா சபையில எல்லாரு விசுவாசமும் கலங்கிரும் தம்பி. இன்னொண்ணு, அவரு மாத்திரையத் தூக்கிப் போட்டதுக்கு நீரு என்ன செய்வீரு? நீரா போடச் சொன்னீரு?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் என் தகப்பனார் வயசுக்காரரிடம் குரலை உயர்த்தினேன். "டைம் டேபிள் மாறிட்டா ஸ்டேஷன்ல அறிவிப்பு கொடுப்பியளா, மாட்டியளா? இல்ல, பழைய நேரத்துக்கே வந்து நிக்கிறவன் நிக்கட்டும்னு விட்டுருவியளா?" அவர் மனைவி காப்பியோடு வந்து வாசலிலேயே நின்றுவிட்டார். காப்பி குடிக்காமல் இறங்கி வந்தேன்.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன், ஞாயிற்றுக்கிழமை சொல்லப் போகிறேன், ஆஸ்பத்திரி, பிரிவு, மாத்திரை எல்லாவற்றையும். பெங்களூர்க்காரர்களைப் பற்றி அவள் ஆரம்பிப்பாள் என்று காத்திருந்தேன். அவள் அண்ணாச்சியின் மனைவியோடு பத்து வருடம் பெண்கள் ஐக்கியத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். "சட்டையத் தேச்சு வைக்கேன்" என்று மட்டும் சொன்னாள்.

அறிவிப்புகள் வாசிக்கும் நேரத்தில் என் இடத்திலேயே எழுந்து நின்றேன். மைக் இல்லை. செயலர் பாட்டு நம்பரை அவசரமாகச் சொன்னார், கீபோர்டு ஆரம்பித்துவிட்டது. அதற்கு மேலாகக் கத்த வேண்டியிருந்தது. சபைக்குள் நான் கத்தியது அதுதான் முதல் தடவை. பாஸ்டர் கையை உயர்த்திக் கீபோர்டை நிறுத்தினார். அந்த ஒன்றுக்காக அவர்மேல் இருந்த கோபத்தில் பாதியைக் கழித்துவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். பன்னிரண்டு வாரம் மாத்திரை சாப்பிட்டேன், மனநலப் பிரிவில் உட்கார்ந்தேன், ஒரு இந்து சுபேதார் போனில் என்னை ஸ்கூட்டர் எண்ண வைத்தார், கர்த்தர் எனக்கு உதவியது இவர்கள் வழியாகத்தான், இதை மறைத்ததால் ஒருவர் கட்டிலில் கிடக்கிறார் என்றேன். அல்லேலூயா எதுவும் வரவில்லை. யாரோ இருமினார்கள். வெளியே வந்தபோது பலர் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள். இரண்டு பேர் மட்டும் தனித்தனியாக வந்து, ரகசியம் பேசுவதுபோல அந்த ஆஸ்பத்திரிக்கு எந்த பஸ் என்று கேட்டுக்கொண்டார்கள். ஒருவர் செயலரின் மருமகன்.

அந்த மத்தியானமே ஏ.எஸ்.ராவ் நகருக்குப் போனேன். அண்ணாச்சியை முந்தின நாள்தான் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், கொஞ்சம் மிதப்பாகத்தான் போனேன். சபைக்கு முன்னால் துணிந்து சொல்லிவிட்டேன், பாரம் இறங்கிவிட்டது, இனி இவரிடம் சொன்னால் அவரும் கையைப் பிடித்துக்கொண்டு, போகட்டும் தம்பி என்பார் என்று ஒரு நினைப்பு. அவர் ஹாலில் சாய்வு நாற்காலியில் இருந்தார். அவர் மனைவி, எங்களுக்கு மதினி, சேலைத் தலைப்பைத் தலையில் முட்டாங்கி போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். எப்போதும் வாட்டசாட்டமாக இருப்பவர். அவரும் இளைத்துப் போயிருந்தார்.

சொன்னேன். நின்றுகொண்டேதான் சொன்னேன். கேட்டு முடித்து அண்ணாச்சி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பன்னெண்டு வாரமா?"

"ஆமாண்ணாச்சி."

"அன்னைக்குப் படியில வச்சுக் கேட்டனே."

மதினிதான் பேசினார். அவர் குரல் உயரவே இல்லை.

"இவிய நாலாம் நாளு திரும்ப ஆரம்பிச்சதும், எங்க ரெண்டு பேருக்கும் விசுவாசம் காணாதுன்னு நெனச்சேன் தம்பி. நாப்பது நாளு உபவாசம் கெடந்தேன். காலைல இவிய நடக்கப் போனதும் சாப்ட்டுட்டேன்னு சொல்லிச் சொல்லி, பொழுது சாயுற வரைக்கும் பச்சத்தண்ணி பல்லுல படல. எனக்கும் சர்க்கரை உண்டு, ஒமக்குத் தெரியும். நீங்க ஒரு வார்த்தை அன்னைக்குச் சொல்லியிருந்தியன்னா, ரெண்டு இட்லிய வச்சு, அந்த மாத்திரைய எடுத்து என் கையால இவிய கையில கொடுத்திருப்பேனே."

அண்ணாச்சி தலையைத் தூக்கி அவரைத் திரும்பிப் பார்த்தார். அந்த நாற்பது நாள் விஷயம் அவருக்கும் அப்போதுதான் தெரிந்தது.